மகிழ்ச்சிப் பாடத்தின் முதல் மாணவர்

தலைமையாசிரியர் அறைச் சுவரில் தொங்கும் கால அட்டவணையில் வாரத்துக்கு ஒருமுறை 'நீதிபோதனை' என்று ஒரு கட்டம் இருக்கும். திருநெல்வேலிச் சீமையில் எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ படித்தவர்களுக்கு அந்தக் கட்டம் நினைவிருக்கும். அந்த வகுப்பு நடந்ததாக நினைவிருப்பவர்கள் குறைவு. கணக்கு சார் சாக்பீஸோடு உள்ளே வந்து, "விட்டுப்போன தேற்றத்தை முடித்துவிடுவோம்" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நீதிபோதனை நடக்கவில்லை என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

அந்தக் கட்டத்துக்கு இப்போது புதுப் பெயர்கள் வருகின்றன. மகிழ்ச்சிக் கல்வி என்கிறார்கள், நல்வாழ்வுக் கல்வி என்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதனால் என்ன நன்மை என்று நிறையவே எழுதப்பட்டுவிட்டது. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு இது என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்கு வீட்டிலிருந்து வந்தது. என் தாயார் சேரன்மகாதேவிக்குத் தெற்கே ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் முற்றத்தில் கால் கழுவிவிட்டுத் திண்ணையில் கால்மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் போகக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லாமலே தெரியும். பகல் முழுவதும் நாற்பது பிள்ளைகளுக்குக் காட்டிய முகத்தை இறக்கி வைக்க அவருக்கு அந்தக் கால்மணி நேரம் வேண்டியிருந்தது என்பது எனக்குப் புரிய இருபது ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டில் இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் முயன்று பார்த்தது டெல்லி அரசு. 2018 ஜூலை 2 அன்று தலாய் லாமா முன்னிலையில் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் தொடங்கப்பட்டது. மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, நாள்தோறும் ஒரு பாடவேளை. தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. சில நிமிட அமைதியுடன் வகுப்பு தொடங்கியது. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கலாம், சுற்றிலும் கேட்கும் ஓசைகளைக் கவனிக்கலாம். அதன் பிறகு சில நாள் கதை, சில நாள் செயல்பாடு, வாரக் கடைசியில் பிள்ளைகள் தங்கள் உணர்வைச் சொல்லும் நேரம். சிந்தனையாளர் அ. நாகராஜ் முன்வைத்த சகவாழ்வுச் சிந்தனை இதற்கு அடிப்படையாக இருந்தது. நாவுக்கும் கண்ணுக்கும் கிடைக்கும் இன்பம் கணநேரத்தில் போய்விடும், உறவில் கிடைப்பது இன்னும் ஆழமாகத் தங்கும், புரிதலில் கிடைப்பது நிலைத்து நிற்கும் என்று அது மகிழ்ச்சியை மூன்று படிகளாகப் பார்க்கிறது.

இந்தத் திட்டத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஆசிரியருக்கான ஒரு கட்டுப்பாடு. கதை முடிந்ததும் அதன் நீதியை ஆசிரியர் எடுத்துச் சொல்லக் கூடாது என்றிருந்தது. கேள்விகளைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிள்ளை எதைச் சொன்னாலும் சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. பழைய நீதிபோதனையை இது தலைகீழாகப் புரட்டிவிடுகிறது. விடை தன் கையில் இருக்கிறது என்ற தெம்பில்தான் நம் ஆசிரியர்கள் வகுப்புக்குள் நுழைகிறார்கள். விடைக்குறிப்பு இல்லாத பாடவேளை ஒன்றில், தனக்கும் விடை தெரியாத கேள்வியைக் கேட்டுவிட்டு அரை நிமிட அமைதியைத் தாங்குவது எளிதான காரியம் இல்லை. பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவருக்கும் முதல் வாரத்தில் உள்ளங்கை வியர்க்கும். பழகிவிட்டால், நாளெல்லாம் சுமந்த ஒரு பாரம் அந்த ஒரு பாடவேளைக்காவது இறங்குகிறது. எல்லாம் தெரிந்தவராக நிற்க வேண்டிய பாரத்தைச் சொல்கிறேன்.

டெல்லிக்கு முன்பே வேறு இடங்களில் இது நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கீலாங் கிராமர் பள்ளி 2008இல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனின் குழுவை அழைத்தபோது, மாணவர்களுக்கு ஒரு பாடம்கூட நடப்பதற்கு முன் ஏறத்தாழ நூறு ஆசிரியர்கள் ஒன்பது நாள் பயிற்சியில் உட்கார்ந்தார்கள். மொத்த தேசிய மகிழ்ச்சி என்ற சொல்லை உலகுக்குத் தந்த பூட்டானில் அந்த எண்ணத்தைப் பள்ளிக்குள் கொண்டுபோனபோது தலைமையாசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள். பெரியவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இரண்டு இடங்களிலும் உணர்ந்திருக்கிறார்கள்.

அந்த உணர்வுக்கு வலுவான சான்று கிடைத்தது பிரிட்டனில். மூச்சைக் கவனித்து மனத்தை நிலைநிறுத்தும் பயிற்சி பதின்வயதினரின் மனநலத்துக்கு உதவுமா என்று 85 பள்ளிகளில், 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் சோதித்தார்கள். முடிவுகள் 2022இல் வெளிவந்தன. வழக்கமான வகுப்புகளில் படித்தவர்களைவிட இந்தப் பயிற்சி பெற்ற மாணவர்களின் மனநலம் மேம்படவில்லை. பெரிய நம்பிக்கையோடு காத்திருந்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. பாடம் நடத்திய ஆசிரியர்களிடம் பணிச்சோர்வு குறைந்திருந்தது. பள்ளியின் சூழலும் கொஞ்சம் இளகியிருந்தது. மாணவர்களுக்காகத் தீட்டிய திட்டத்தின் பலன் ஆசிரியர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அந்த ஆசிரியர்கள் பாடம் நடத்துவதற்கு முன் எட்டு வாரங்கள் தங்களுக்காகவே அந்தப் பயிற்சியைப் படித்தவர்கள். பிள்ளைகளுக்குக் கிடைத்தது பத்துப் பாடவேளைகள். ஆசிரியர்களுக்குக் கிடைத்தது எட்டு வாரங்கள். 'உனக்கு என்ன நடக்கிறது?' என்று அவர்களை நோக்கி யாரோ கேட்ட எட்டு வாரங்கள். இந்தக் கதைக்கு ஒரு பின்பாதியும் உண்டு. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அந்தப் பலனில் பெரும்பகுதி கரைந்திருந்தது. ஒருமுறை கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

கனடாவில் 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதே விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து பார்த்தது. 17 வகுப்பறைகளில் படித்த 406 பிள்ளைகளின் எச்சிலை எடுத்து, மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் என்ற சுரப்பின் அளவைப் பார்த்தார்கள். எந்த வகுப்பின் ஆசிரியர் அதிகப் பணிச்சோர்வைத் தெரிவித்தாரோ, அந்த வகுப்புப் பிள்ளைகளின் காலைநேரக் கார்டிசால் அளவும் உயர்ந்திருந்தது. எது காரணம், எது விளைவு என்று இந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அடங்காத வகுப்பும் ஆசிரியரைக் களைப்படையச் செய்யும். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்ற அளவில் ஏற்றுக்கொள்ளலாம். எங்கள் பக்கம் 'ஏலே' என்ற ஒரே சொல்லில் கோபமும் வரும், கொஞ்சலும் வரும். காலை முதல் மணி அடித்ததும் ஆசிரியர் சொல்லும் அந்த 'ஏலே' எந்த வகை என்று கடைசி பெஞ்சுப் பையனுக்குக்கூட உடனே தெரிந்துவிடும். அன்றைய பொழுது எப்படிப் போகும் என்பதும் அவனுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

மகிழ்ச்சிப் பாடம் ஆசிரியரைச் சோர்வடையச் செய்யவும் கூடும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோஷ்ஷீல்டு 1983இல் 'உணர்ச்சி உழைப்பு' என்றொரு கருத்தை முன்வைத்தார். விமானப் பணிப்பெண்களைப் பார்த்து அவர் கண்டது இது: சம்பளத்துக்காகச் சிரிக்க வேண்டியிருக்கிறவர்கள் தங்கள் உணர்ச்சியையே வேலைக்கு விடுகிறார்கள். உள்ளே ஒன்று இருக்க முகத்தில் வேறொன்றைக் காட்டுவது ஒரு வகை. அந்த உணர்வை உள்ளேயே வரவழைத்துக்கொள்வது இன்னொரு வகை. முதல் வகை மனிதரை வேகமாகக் களைத்துவிடுகிறது என்று பிறகு வந்த பல ஆய்வுகள் காட்டின. கணக்குப் பாடத்தில் எரிச்சலோடு நிற்கும் ஆசிரியர் தேற்றத்தை ஒழுங்காக நடத்திவிடலாம். மகிழ்ச்சி வகுப்பில் எரிச்சலோடு நிற்க முடியாது. அங்கே அவருடைய முகம்தான் பாடம். முந்தைய இரவு மருத்துவமனை வராந்தாவில் மாமனாருக்குத் துணையிருந்துவிட்டு வந்தவர், காலையில் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, தானும் இன்முகத்தோடு நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை எதிர்பார்த்தால், அது அவர் தலையில் ஏற்றும் இன்னொரு வேலையாகத்தான் இருக்கும்.

திருநெல்வேலி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிக் கனம் இருக்கிறது. நகரத்துப் பள்ளிகளில் மகிழ்ச்சிக் கல்வி என்றால் தேர்வு பயம், கைப்பேசி, தனிமை என்று பேசுவார்கள். எங்கள் பக்கம் பிள்ளைகளின் மணிக்கட்டில் கயிறு இருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சாதி. 2019இல் பள்ளிக் கல்வித் துறை இதற்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அவன் தனக்கு நேர்ந்த துன்புறுத்தலைப் பள்ளியில் சொல்லியிருந்தான். அதன் தொடர்ச்சியாகத்தான் அந்த இரவு வந்தது.

இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு மகிழ்ச்சி வகுப்பின் 'உன் மனத்தில் இருப்பதைச் சொல்' என்ற கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அது எவ்வளவு பெரிய வாக்குறுதி என்று தெரியும். சொல்கிற பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டு என்ற உறுதி இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, ஒரு வட்டாரத்தில் மிகுந்திருக்கும் சாதியைச் சேர்ந்தவரையே அங்கே கல்வி அலுவலராக அமர்த்தாமல் இருப்பது, பள்ளி நல அலுவலர் என்றொரு பணியிடம் ஆகியவை அதன் பரிந்துரைகளில் சில. பல ஆசிரியர்களுக்கு இந்த அறிக்கை கசந்தது. அவர்களும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுகிறார்கள் என்ற வருத்தம் அது. வருத்தம் புரிகிறது. ஆனால் ஆசிரியருக்கும் ஒரு தெரு இருக்கிறது, ஒரு சொந்தம் இருக்கிறது. சார் எந்த ஆள் என்பது பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் வகுப்பில் அந்த விவரமும் வட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தன் சாதியைப் பற்றித் தனக்குள் ஒருமுறையாவது நேர்மையாகப் பேசிப் பார்க்காத ஆசிரியரால் அந்த வகுப்பை நடத்த முடியாது என்றே நினைக்கிறேன். மூச்சுப் பயிற்சி எத்தனை வாரம் கொடுத்தாலும் இந்த வேலை தனியாக மிச்சமிருக்கும்.

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் பையில் அரிவாளோடு வந்து சக மாணவனை வெட்டினான். பென்சில் தொடர்பான சச்சரவு என்று அப்போது சொல்லப்பட்டது. தடுக்கப் பாய்ந்த ஆசிரியையும் காயமடைந்தார். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஊர் அது. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நூறாண்டுக்கு முன்பே பள்ளி கண்ட ஊர். அந்தச் செய்திக்குப் பிறகு எத்தனை ஆசிரியர்கள் வகுப்புக்குள் நுழையும்போது பைகளைப் பார்த்திருப்பார்கள், அந்தப் பார்வையை அவர்களே எவ்வளவு வெறுத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். மாணவனைக் கண்டு ஆசிரியர் அஞ்சும் வகுப்பறையில் எந்தப் பாடமும் நடக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மனம்விட்டுப் பேசத் தொடங்கினால் மகிழ்ச்சி மட்டும் வெளியே வராது. அப்பாவின் குடி வரும். பீடித் தட்டோடு விடியவிடிய உட்கார்ந்திருக்கும் அம்மாவின் இருமல் வரும். சில வேளை, ஒரு குழந்தை ஒருபோதும் அனுபவித்திருக்கக் கூடாத ஒன்று வரும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, அப்படி ஒன்றை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். 1098, 14417 என்ற உதவி எண்கள் சுவரில் எழுதியிருக்கின்றன. ஆனால் அந்தப் பிள்ளையின் குரலைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் ஆசிரியைக்கு எந்த எண்? மனநல ஆலோசகர்கள் யாரோ ஒருவரிடம் தங்கள் பாரத்தை இறக்கிவைக்கும் ஏற்பாடு அவர்கள் தொழிலில் உண்டு. அதே வேலையின் ஒரு பங்கை ஆசிரியரிடம் கொடுக்கும்போது அந்த ஏற்பாட்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான் நியாயம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் பொருநை என்ற தாமிரபரணி கரைபுரண்டது. பள்ளிகள் நிவாரண முகாம்களாயின. மீண்டும் பள்ளி திறந்தபோது புத்தகம் போன பிள்ளையும் இருந்தது, வீட்டையே இழந்த பிள்ளையும் இருந்தது; நடத்த வந்த ஆசிரியர்களில் சிலர் வீட்டிலும் சேறு வாரி முடிந்திருக்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் துக்கத்துக்கும் இடமிருந்தால்தான் மகிழ்ச்சி வகுப்பு நடக்கும். "எங்கள் வீட்டிலும் தண்ணீர் வந்துவிட்டது" என்று ஆசிரியர் சொல்லலாம். அதைவிடப் பெரிய பாடம் அன்றைக்கு வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் டெல்லி தொடங்கியதைப் போல ஒரு தனிப்பாடம் இல்லை. துண்டு துண்டாகச் சில நல்ல காரியங்கள் நடக்கின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அதில் முதன்மையானது. பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் மூச்சைக் கவனி என்று சொல்வது கொடுமை. 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' வந்தது. மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகளாகப் பிரிக்கிறார்கள். இந்தப் பெயர்கள் எங்கள் மாவட்டத்துக்கு ஒட்டிக்கொள்வதுபோல வேறெங்கும் ஒட்டுமா என்று தெரியவில்லை. பொதிகையில் குறிஞ்சி, களக்காட்டு மலையடிவாரத்தில் முல்லை, பொருநைக் கரை வயல்களில் மருதம், உவரியிலும் இடிந்தகரையிலும் நெய்தல், குட்டம் பக்கத்துச் செம்மணல் தேரியில் பாலை என்று ஐந்தையும் ஒரே நாளில் பஸ்ஸில் பார்த்துவிட்டு வரலாம். இரண்டு நிறக் கயிறு கட்டிய இரண்டு பையன்கள் ஒரே முல்லை அணியில் நின்று ஒரே வெற்றிக்குக் கத்துவதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். புள்ளிக் கணக்கு பெரிதாகி, எந்த அணி முதல் என்பதே பேச்சானால் அந்த நல்ல எண்ணம் கெட்டுவிடும்.

இதையெல்லாம் செய்யப் போகிறவர் யார்? கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்புக்கும் ஒருவர். எண்ணும் எழுத்தும் செயல்பாடுகள், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையத் தளத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலை எல்லாம் அவர்கள் கையில். கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காத மலையோர ஊரில் வருகைப்பதிவை ஏற்ற மதில் சுவரருகே நின்றுகொண்டிருக்கும் ஆசிரியையிடம், நாளை முதல் மகிழ்ச்சி வகுப்பும் உண்டு, புகைப்படம் எடுத்து அனுப்புங்கள் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? புகைப்படம் எடுப்பார். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் படம் தளத்தில் ஏறும். வகுப்பு நடந்ததாகக் கணக்கு முடியும்.

அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது. மிகச் சரியான தடை. ஆனால் பிரம்பை வாங்கி வைத்தவர்கள், அதற்குப் பதிலாக ஆசிரியர் கையில் எதையும் கொடுக்கவில்லை. அடங்காத வகுப்பை வேறு வழியில் எப்படி அமைதிப்படுத்துவது, கொதிக்கும் தன் கோபத்தை எப்படிக் கவனிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஒழுங்காகக் கொடுத்தால் மகிழ்ச்சிக் கல்வியின் பயிற்சி அந்தக் காலி இடத்தை நிரப்பும். ஆசிரியர்களுக்கு இதனால் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்பது என் கருத்து.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் குறுவள மையத்தைக் காட்டுவேன். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஏற்கனவே கூடும் இடம் அது. முனைஞ்சிப்பட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம் இருக்கிறது. பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் சுற்றிலும் இருக்கின்றன. திரையில் ஓடும் படக்காட்சிகளை ஒரு சனிக்கிழமை நிறுத்திவைத்துவிட்டு, நாற்காலிகளை வட்டமாகப் போடலாம். தலைமையாசிரியரும் அலுவலரும் அந்த வட்டத்தில் இருக்கக் கூடாது. படிவம் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம். இந்த மாதம் எந்தப் பிள்ளையின் முகம் உங்களைத் தூங்கவிடவில்லை என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் காத்திருக்கட்டும். மாதம் ஒருமுறை, ஆண்டு முழுவதும். பிரிட்டனில் நடந்ததுபோல ஓராண்டில் கரைந்துவிடாமல் இருக்க, அடுத்த ஆண்டும்.

என் தாயார் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள், திண்ணையில் அப்படி உட்கார்ந்திருந்தபோது என்ன நினைப்பீர்கள் என்று கேட்டேன். பெரும்பாலும் ஒன்றும் நினைக்கமாட்டேன் என்றார். கொஞ்சம் பொறுத்து, மூன்றாம் வகுப்பில் மதிய உணவைப் பாதி தின்றுவிட்டு மீதியைத் தம்பிக்கென்று இலையில் சுற்றி எடுத்துப்போகும் ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொன்னார். "அதை யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை" என்றார்.